போர்த் தலைமுறை எழுத்தாளர்களின் மலிவுப் பதிப்புகள்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் எதை எடுக்கலாம், எதை வைத்துவிட்டு வரலாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி புத்தகத் திருவிழாக்களில் ஆங்கில நாவல் ஸ்டால் முன்னால் நின்றால் ஒரே புத்தகம் நாலு விதமான அட்டையில் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். ஹெமிங்வே, ஃபிட்ஸ்ஜெரால்ட், வில்ஃப்ரெட் ஓவன், வர்ஜீனியா வுல்ஃப். முதல் உலகப்போருக்குள் போய்வந்தவர்களும், போகாமலே அதன் நிழலில் எழுத வந்தவர்களும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் விலை இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய்க்குள். வாங்கலாமா என்று பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கேட்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. நேராக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவல் என்றால் பெரும்பாலும் வாங்கலாம். கவிதை என்றால் குறிப்பிட்ட சில பக்கங்களைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். மொழிபெயர்ப்பு என்றால், மொழிபெயர்த்தவர் பெயர் அச்சாகாத புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுங்கள்.

இத்தனை மலிவுப் பதிப்புகள் திடீரென்று எப்படி வந்தன என்று முதலில் சொல்லிவிடுவது நல்லது. இந்தியச் சட்டப்படி ஒரு நூலின் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை இருக்கும். ஹெமிங்வே இறந்தது 1961. ஆகவே 2022 ஜனவரி 1 முதல் அவர் உயிரோடு இருந்தபோது வெளியிட்ட எதையும் இங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னரும் கவிஞர் ஈ. ஈ. கம்மிங்ஸும் 1962இல் போனவர்கள்; அவர்களுக்கு 2023 முதல். கவிஞர் டி. எஸ். எலியட் 1965 ஜனவரியில் இறந்ததால் 2026 முதல். ஃபிட்ஸ்ஜெரால்ட் (1940), வுல்ஃப் (1941) எழுத்துகள் எப்போதோ உரிமை முடிந்து எல்லாருக்கும் பொதுவாகிவிட்டன. ஆனால் ஜெர்மன் நாவலாசிரியர் ரெமார்க், ஆங்கில எழுத்தாளர் வீரா பிரிட்டன் இருவரும் 1970இல் இறந்தவர்கள். 2030 முடியும்வரை உரிமை உண்டு. போர்க் கவிஞர் சஸூனுக்கு 2027 வரை. அவரைப்போலவே போருக்குப் போன கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1985 வரை வாழ்ந்தவர் என்பதால் 2045 வரை. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் போதும். எண்பது ரூபாய்க்கு ரெமார்க் கிடைத்தால் அது திருட்டு அச்சு என்று கடைக்காரரிடம் கேட்காமலே தெரிந்துவிடும். திருட்டு அச்சில் ஆசிரியருக்குப் பணம் போகவில்லை என்பது ஒரு பக்கம். யாருடைய மொழிபெயர்ப்பு, எந்த ஆண்டுப் பாடம் (அதாவது நூலின் எந்த வாசக வடிவம்), எந்தப் பக்கம் விடுபட்டது என்று எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது வாசகருக்கு நேரடியாக விழும் அடி.

பாடத்தில் ஒரு வரி அப்படி இப்படி இருந்தால் என்ன, கதை புரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற எழுத்தாளர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம், இவர்களுக்குப் பொருந்தாது. 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் 27ஆம் அத்தியாயத்தில் கதை சொல்லும் ஃபிரெடரிக் ஹென்றி ஒன்றை யோசிக்கிறான். புனிதம், புகழ், தியாகம் மாதிரியான சொற்களைக் கேட்டாலே அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் மரியாதையோடு மிஞ்சுவது ஊர்ப் பெயர்களும், சாலை எண்களும், ஆற்றின் பெயர்களும், தேதிகளும் மட்டுமே. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறு (மாட்டு மந்தை), யாருடைய சேவகன், பட்டான். அவ்வளவுதான் கல்லில் இருக்கும். அந்தக் கல்லில் ஒரு எழுத்து சிதைந்தால் ஒரு மனிதனின் பெயரே போய்விடுகிறது. போருக்குப் பின் வந்த இந்த எழுத்தும் அந்த மாதிரிதான். அலங்காரத்தை எல்லாம் உதிர்த்துவிட்டு, தாங்குகிற சொற்களை மட்டும் நிறுத்திய எழுத்து. அதில் ஒன்றை உருவினாலும் மேலே இருப்பது சரியும்.

ஹெமிங்வேயிலிருந்து தொடங்கலாம். அதிகம் விற்பதும் அவர்தான், அதிகம் கவனிக்க வேண்டியதும் அவரிடம்தான்.

'தி சன் ஆல்சோ ரைஸஸ்' 1926இல் வந்தது. மூன்று பகுதி, 19 அத்தியாயம். கையில் எடுத்ததும் முதல் அத்தியாயத்துக்கு முந்தைய பக்கத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு மேற்கோள் இருக்க வேண்டும். ஒன்று பாரிஸில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் பேச்சில் சொன்னது, நீங்கள் எல்லாரும் தொலைந்துபோன தலைமுறை என்று. இரண்டாவது விவிலியத்தின் பிரசங்கி நூலிலிருந்து: ஒரு சந்ததி போகும், மறு சந்ததி வரும், பூமி நிலைத்திருக்கும், சூரியன் மறுபடி உதிக்கும் என்ற பகுதி. நாவலின் தலைப்பு இரண்டாவதிலிருந்து வந்தது. ஸ்டைனுக்குப் பதில் சொல்வதுபோல ஹெமிங்வே அதைக் கீழே வைத்தார். மலிவு அச்சுகளில் பல இந்தப் பக்கத்தையே விட்டுவிடுகின்றன. பக்கக் கணக்கை 16இன் மடங்கில் அடக்க வேண்டிய நெருக்கடி வரும்போது முதலில் பலியாவது முன்பக்கங்கள்தான். மேற்கோள் இல்லாமல் படிக்கிறவருக்கு அது பாரிஸில் குடித்துவிட்டு ஸ்பெயினுக்கு மாட்டு விளையாட்டு பார்க்கப் போன கூட்டத்தின் கதையாக மட்டும் தெரியும். கதை சொல்லும் ஜேக் பார்ன்ஸின் போர்க்காயம் அந்தக் கதைக்கு அடியில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது மங்கிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: இதே நாவல் இங்கிலாந்தில் 1927இல் 'ஃபியஸ்டா' என்ற பெயரில் வந்தது. பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் பதிப்புகள் அந்தத் தலைப்பில் இருக்கும். இரண்டும் வேறு நாவல் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிட வேண்டாம்.

'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' (1929) ஐந்து பகுதி, 41 அத்தியாயம். இதில் சிப்பாய்கள் பேசும் இடங்களில் சொல் இருக்க வேண்டிய இடத்தில் நீளக் கோடு மட்டும் இருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகம் வசைச்சொற்களை அச்சிட மறுத்துக் கோடு போட்டது. ஹெமிங்வே தன் நண்பர்கள் சிலரின் படிகளில் அந்தச் சொற்களைக் கையால் எழுதிக் கொடுத்தார். ஜேம்ஸ் ஜாய்ஸுக்குக் கொடுத்த படி அப்படிப்பட்டது. கோடு இருந்தால் 1929 பாடம் என்று தெரிந்துகொள்ளலாம், பிரச்சினை இல்லை. ஸ்கேன் செய்த படத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது கோடே காணாமல் போய் வாக்கியம் நடுவில் பிளந்து நிற்பதுதான் பிரச்சினை. இத்தாலியப் படையின் கபோரெட்டோ பின்வாங்கல் வரும் மூன்றாம் பகுதியைத் திறந்து, வண்டியோட்டிகள் பேசும் இரண்டு பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும். முடிவுப் பக்கத்தை ஹெமிங்வே திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார். 2012இல் வந்த ஸ்கிரிப்னர் பதிப்பில் 47 மாற்று முடிவுகள் பின்னிணைப்பாக இருக்கின்றன. மலிவுப் பதிப்பில் அவை வராது. ஆய்வு செய்கிறவர் அந்தப் பதிப்பைத்தான் தேட வேண்டும். கதை படிக்கிறவருக்குத் தேவையில்லை. தமிழில் 'போரே நீ போ' என்ற பெயரில் வந்த மொழிபெயர்ப்பு பழைய கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஒரு தகவல், படிக்கும்போது உதவும். கபோரெட்டோ தோல்வி 1917 அக்டோபரில் நடந்தது. ஹெமிங்வே செஞ்சிலுவை ஆம்புலன்ஸ் ஓட்டுநராக இத்தாலிக்குப் போனதே 1918இல். ஜூலை 8 அன்று பியாவே ஆற்றங்கரையில் ஃபொஸல்டாவில் காயம்பட்டார். நாவலின் பின்வாங்கல் காட்சி அவர் கண்ணால் பார்த்தது அல்ல. வரைபடத்தையும் மற்றவர் சொன்னதையும் வைத்துக் கட்டியது. சில மலிவுப் பதிப்புகளின் பின்னட்டையில் 'சொந்த அனுபவத்தை அப்படியே எழுதியது' என்று போட்டிருப்பார்கள். தேர்வுத்தாளில் அதை எழுதிவிட வேண்டாம்.

மலிவு அச்சில் அதிகம் அடிபடுவது 'இன் அவர் டைம்' (1925). சிறுகதைத் தொகுப்புதான், ஆனால் ஒவ்வொரு கதைக்கும் முன்னால் ஒன்று முதல் பதினைந்து வரை எண்ணிட்ட சின்னத் துண்டு ஒன்று சாய்ந்த எழுத்தில் வரும். சில துண்டுகள் அரைப் பக்கம்கூட இருக்காது. போர்க்களம், தூக்குமேடை, மாட்டு விளையாட்டு. கதைகளுக்கும் துண்டுகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் மிச்சிகன் மாநிலத்து ஏரி ஒன்றின் கரையில் ஒரு சிறுவன் நிற்கும் கதைக்குப் பக்கத்தில் போர்த் துண்டு வந்து உட்காரும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் அந்தப் புத்தகமே இருக்கிறது. 'ஹெமிங்வே கதைகள்' என்று தொகுப்பவர்கள் துண்டுகளைத் தூக்கிவிட்டுக் கதைகளை மட்டும் போடுகிறார்கள். பொருளடக்கத்தைப் பார்த்து மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது. 'இண்டியன் கேம்ப்' கதையைத் திறந்து, அதற்கு முன்னால் குடித்திருக்கும் பீரங்கிப் படைச் சிப்பாய்கள் இருட்டில் சாலையில் போகும் ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்குங்கள். கடைசியில் வரும் 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' இரண்டு பகுதியாக இருக்க வேண்டும். ஒருவன் தனியாக மீன் பிடிக்கப் போகிறான். போர் என்ற சொல்லே கதையில் வராது. கதை முழுக்கப் போர்தான் இருக்கிறது என்பது முன்னால் வந்த துண்டுகளைப் படித்தவருக்கு மட்டும் கேட்கும்.

ஹெமிங்வேயின் பாரிஸ் நினைவுக்குறிப்பான 'எ மூவபிள் ஃபீஸ்ட்' அவர் இறந்த பிறகு 1964இல் வந்தது. அப்படிப்பட்ட நூலுக்கு 60 ஆண்டுக் கணக்கு வெளியான ஆண்டிலிருந்து ஓடும். ஆக 2025 முதல்தான் இங்கே அச்சிடலாம். அந்தத் 'தொலைந்த தலைமுறை'ப் பேச்சு எங்கே பிறந்தது என்ற கதை இதில் வருகிறது. ஸ்டைனின் காரைப் பழுது பார்த்த கராஜின் முதலாளி, போருக்குப் போய்வந்த தன் வேலைக்காரப் பையனைத் திட்டும்போது சொன்ன சொல் அது என்கிறார் ஹெமிங்வே. 2009இல் அவருடைய பேரன் வேறு வரிசையில் தொகுத்த பதிப்பும் உண்டு. மலிவில் கிடைப்பது 1964 பாடம். முதல் வாசிப்புக்கு அது போதும்.

அடுத்து ஓவன். இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

வில்ஃப்ரெட் ஓவன் 1918 நவம்பர் 4 அன்று பிரான்ஸில் சாம்பர்–ஓய்ஸ் கால்வாயைக் கடக்கும்போது கொல்லப்பட்டார். வயது 25. போர் முடிய ஒரு வாரம் இருந்தது. உயிரோடு இருந்தபோது அச்சில் பார்த்த கவிதைகளை விரல்விட்டு எண்ணலாம். 1920இல் சஸூன் முன்னுரையோடு வந்த முதல் தொகுப்பில் 23 கவிதைகள். பிறகு 1931இல் பிளண்டன், 1963இல் டே லூயிஸ், 1983இல் ஸ்டால்வொர்த்தி என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் படிகளைப் பார்த்து விரித்தார்கள், திருத்தினார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் 1920 பாடம். மலிவு அச்சுக்காரர்கள் எடுப்பதும் அதைத்தான். ஆகவே 'முழுத் தொகுப்பு' என்று அட்டையில் போட்டிருந்தாலும் பொருளடக்கத்தை எண்ணுங்கள். இருபத்துச் சொச்சத்தில் நின்றால் அது முழுத் தொகுப்பு இல்லை.

எண்ணிக்கையைவிட முக்கியமானது எழுத்து. 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்' கவிதையில் ஓவன் ஒரு புது இயைபைக் கையாள்கிறார். மெய் அப்படியே நிற்கும், உயிர் மட்டும் மாறும். எஸ்கேப்ட் – ஸ்கூப்ட், குரொய்ண்ட் – குரோண்ட், ஹால் – ஹெல். நம் எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றி வந்து காதுக்கு நிறைவு தரும். இங்கே நிறைவு கிடைக்கும் என்று காது காத்திருக்கும்போது உயிர் ஒன்று சறுக்கிவிடும். செத்த சிப்பாய் தான் கொன்ற எதிரியோடு பேசும் கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான ஓசை கிடையாது. இதில் 'குரொய்ண்ட்' என்பது கற்களை வளைத்துக் கூரை கட்டும் கட்டடக்கலைச் சொல், அடிக்கடி வராதது. கணினியின் எழுத்துத் திருத்தி அதை அடுத்த வரியில் வரும் சொல்லாகவே மாற்றிவிட வாய்ப்பு அதிகம். ஒரே எழுத்து மாறினால் கவிதையின் ஓசையே செத்துவிடும். ஆகவே ஓவன் புத்தகம் எதை எடுத்தாலும் முதலில் இந்தக் கவிதையின் முதல் நாலு வரியின் கடைசிச் சொற்களைப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை 'டல்ஸே எட் டெகோரம் எஸ்ட்'. முதல் பத்தியின் கடைசி வரி சில பதிப்புகளில் மெல்ல விழும் வாயுக் குண்டுகள் என்று இருக்கும். சில பதிப்புகளில் 'ஃபைவ்-நைன்ஸ்' என்ற பீரங்கிக் குண்டின் பெயரோடு இருக்கும். 5.9 அங்குலக் குண்டு. இரண்டும் ஓவனின் கையெழுத்துப் படிகளிலிருந்து வந்தவைதான், எதுவும் பிழையில்லை. வகுப்பில் ஆசிரியர் கையில் ஒரு பதிப்பும் மாணவர் கையில் இன்னொன்றும் இருக்கும்போது வீண் சச்சரவு வருகிறது. கல்லூரி பரிந்துரைத்த பாடம் எதுவோ அதையே வாங்குங்கள். கடைசி இரண்டு வரியில் வரும் லத்தீன் ஹோரஸின் வாக்கு: நாட்டுக்காகச் சாவது இனிது, தகும் என்பது. அதைப் பழைய பொய் என்கிறார் ஓவன். பெற்று வளர்ப்பது என் கடன், களிறு எறிந்து மீள்வது காளையின் கடன் என்ற புறநானூற்றுப் பாட்டை மனப்பாடம் செய்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த வரி எப்படி விழும் என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் பேச வேண்டும். உரைநூல்களில் அது இல்லை.

மூன்றாவது, ஆபிரகாம் தன் மகனைப் பலி கொடுக்கப்போன விவிலியக் கதையை ஓவன் திருப்பிச் சொல்லும் 'பேரபிள்' கவிதை. விவிலியத்தில் மகன் பிழைப்பான். இங்கே கிழவர் கேட்கவில்லை, கொன்றுவிடுகிறார். அதோடு ஐரோப்பாவின் வித்தில் பாதியை ஒவ்வொருவராக என்று ஒரு கடைசி வரி வர வேண்டும். சில அச்சுகளில் அந்த வரி இருக்காது. அது இல்லாவிட்டால் கவிதை ஒரு குடும்பத்தின் துயரத்தோடு நின்றுவிடுகிறது.

இந்த மூன்றிலும் தேறிய மலிவுப் பதிப்பு கிடைப்பது அரிது. ஓவனுக்கு மட்டும் கூடுதலாக முந்நூறு ரூபாய் செலவழித்து, தொகுப்பாசிரியர் பெயர் அட்டையில் இருக்கும் பதிப்பை வாங்குவதே எங்கள் பரிந்துரை. பழைய படியாக இருந்தாலும் பரவாயில்லை. தன் மகன் கடைசியாக விடைபெற்றபோது கீதாஞ்சலி வரிகளைச் சொன்னதைக் குறிப்பிட்டு ஓவனின் தாய் 1920இல் தாகூருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பற்றிய குறிப்பு முன்னுரையில் இருந்தால், தொகுத்தவர் உழைத்திருக்கிறார் என்று நம்பலாம்.

ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' ஜெர்மனில் 1929 ஜனவரியில் நூலாக வந்தது. அதே ஆண்டு ஏ. டபிள்யூ. வீன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவரும் மேற்குப் போர்முனையில் சண்டை போட்டவர். நடை கொஞ்சம் பழசு, ஆனால் பதுங்குகுழியின் சொல்வழக்கு தெரிந்தவரின் நடை. 1990களில் வந்த பிரையன் மர்டாக்கின் மொழிபெயர்ப்பு இன்றைய காதுக்கு எளிது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மர்டாக். நின்று நிதானமாகப் படிக்கிறவருக்கு வீன். வீனை எடுத்தால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 1929 அமெரிக்கப் பதிப்பில் இரண்டு காட்சிகள் வெட்டப்பட்டன. ஒன்று முதல் அத்தியாயத்தில் சிப்பாய்கள் திறந்தவெளியில் மலம் கழிக்க உட்கார்ந்து சீட்டாடும் காட்சி. மற்றது பத்தாம் அத்தியாயத்தில், மருத்துவமனையில் காயம்பட்ட ஒருவனைப் பார்க்க அவன் மனைவி வரும் காட்சி. இந்த இரண்டிலும்தான் உடல்கள் உயிரோடு இருக்கின்றன. அவற்றை வெட்டினால் குண்டும் சாவும் மட்டும் மிஞ்சும். பழைய கடையில் அமெரிக்கப் பதிப்பு கிடைத்தால் முதல் அத்தியாயத்தைத் திறந்து மரப்பெட்டிகள் வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மொத்தம் 12 அத்தியாயம். கடைசியில் கதை சொன்னவன் குரல் நின்று, வேறு யாரோ அவனைப் பற்றிச் சொல்லும் இரண்டு சிறு பத்திகள் வர வேண்டும். அவை தனியாக, இடைவெளி விட்டு அச்சாகியிருக்க வேண்டும்.

'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) மலிவில் வாங்க மிகவும் ஏற்றது. ஒன்பது அத்தியாயம், சுமார் 48,000 சொல். கடைசிப் பக்கத்தில் எதிர்காலத்தைச் சொல்லும் அடைமொழி 'ஆர்காஸ்டிக்' என்று இருந்தால் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதியது. 'ஆர்ஜியாஸ்டிக்' என்றிருந்தால் அவர் இறந்தபின் 1941இல் எட்மண்ட் வில்சன் தொகுத்த பதிப்பின் வழி வந்தது. முதலாவது பரவசத்தின் உச்சத்தைச் சொல்வது, இரண்டாவது வரம்பற்ற கேளிக்கையைச் சொல்வது. கேட்ஸ்பி தேடியது கேளிக்கையை அல்ல. இதைக் கேளிக்கை நாவலாகவே விற்பதால் போர் மறைந்துவிடுகிறது. கதை சொல்லும் நிக் போருக்குப் போனவன், கேட்ஸ்பியும் போனவன். அவர்கள் இருவருக்கும் முதல் பேச்சே எந்தப் படைப்பிரிவு என்பதில்தான் தொடங்குகிறது. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1917இல் ராணுவத்தில் சேர்ந்தார். கடல் கடப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுத்த பதிப்பில் இந்த நாவல் ஒன்றரை லட்சம் படிகளுக்கு மேல் போனது. அதன் பிறகுதான் புகழ் ஏறியது.

வுல்ஃபின் 'மிஸஸ் டாலவே' (1925) வாங்கும்போது இடைவெளியைப் பாருங்கள். அந்த நாவலுக்கு அத்தியாயம் கிடையாது. ஒரு வெற்று வரி மட்டுமே ஒரு மனசிலிருந்து இன்னொரு மனசுக்கு, விருந்துக்குப் பூ வாங்கும் கிளாரிசாவிடமிருந்து குண்டு அதிர்ச்சியில் உழலும் செப்டிமஸிடம் கூட்டிப்போகும் இடங்கள் உண்டு. நெருக்கி அச்சடித்தவர்கள் அந்த வெற்று வரிகளை விழுங்கிவிடுகிறார்கள். முழுப் புத்தகத்தையும் விரலால் தள்ளிப் பார்த்து எங்கும் வெற்று வரியே இல்லையென்றால் வேறு படி எடுங்கள்.

எலியட்டின் நெடுங்கவிதை 'தி வேஸ்ட் லேண்ட்' (1922) இப்போதுதான் மலிவில் வரத் தொடங்குகிறது. ஓரத்தில் வரி எண் இல்லாத பதிப்பு பயன்படாது. எலியட்டின் குறிப்புகள் வரி எண்ணைச் சொல்லித்தான் பேசுகின்றன. கடைசிப் பகுதியில் வரும் பிருஹதாரண்யக உபநிடதச் சொற்கள், தத்த, தயத்வம், தம்யத, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட் மேடக்ஸ் ஃபோர்டின் 'பரேட்ஸ் எண்ட்' நாலு நாவல் கொண்டது (1924–1928). சில பதிப்புகள் நாலாவதான 'லாஸ்ட் போஸ்ட்'டை விட்டுவிட்டு மூன்றோடு நிறுத்தும். கிரேவ்ஸின் தன்வரலாறான 'குட்பை டு ஆல் தட்' 1929 பாடம் வேறு, 1957இல் அவரே திருத்தியது வேறு. பழைய கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் திருத்தியது.

இந்தப் போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர் கடல் கடந்து போனார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஆனால் இந்த ஸ்டால்களில் அவர்களைப் பற்றிய நூல் கேட்டால் பெரும்பாலும் கை விரிக்கிறார்கள். முல்க் ராஜ் ஆனந்தின் 'அக்ராஸ் தி பிளாக் வாட்டர்ஸ்' பஞ்சாப் சிப்பாய் லாலு மார்செய் துறைமுகத்தில் இறங்குவதில் தொடங்குகிறது. முந்நாவலில் நடுவிலது, ஆனால் தனியாகவும் படிக்கலாம். சந்திரதர் சர்மா குலேரியின் 'உஸ்னே கஹா தா' என்ற இந்திக் கதை 1915லேயே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. நம் பக்கம், எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டது ஒரு சொல்லாகவே மொழியில் தங்கிவிட்டது. பாரதி புதுச்சேரியிலிருந்து பெல்ஜியத்துக்கு வாழ்த்துப் பாடினார். ஸ்டால் போடுகிறவர்கள் ஹெமிங்வேக்குப் பக்கத்தில் ஆனந்தையும் ஒரு அடுக்கு வைத்தால் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது.

இனி தாளும் கட்டும். மலிவுப் பதிப்பில் எழுத்து எவ்வளவு பொடியாக இருக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு: பக்கத்துக்கு 300 முதல் 350 சொல் இருந்தால் கண்ணுக்கு இதம், 420ஐத் தாண்டினால் வலிக்கும். கேட்ஸ்பி 140 பக்கத்துக்குக் குறையக் கூடாது. 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' சுமார் ஒரு லட்சம் சொல். 300 பக்கமாவது வேண்டும். நடுப்பக்கத்தைத் திறந்து உள்ஓரத்தைப் பாருங்கள். வரியின் கடைசிச் சொல் மடிப்புக்குள் ஓடினால், படிப்பதற்காக முதுகை அழுத்தி அழுத்தியே கட்டு போய்விடும். இந்த மலிவுப் பதிப்புகள் எல்லாம் தையல் இல்லாத பசை ஒட்டுக் கட்டு. நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலில், அதுவும் ஓட்டு வீட்டிலோ தகரக் கூரைக்குக் கீழோ வைத்தால் பசை காய்ந்து நொறுங்கும். கடையில் நடுவில் மெதுவாக விரிக்கும்போது 'பட்' என்று சத்தம் கேட்டால் அந்தப் படியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

ஆர்டர் கொடுத்தபின் ஒவ்வொன்றாக அச்சடித்து அனுப்பும் புத்தகங்கள் தனி வகை. அட்டை வழவழப்பாக இருக்கும், உள்ளே பதிப்பகத்தின் முகவரியோ பதிப்பாசிரியர் பெயரோ இருக்காது. ஸ்கேனிலிருந்து எடுத்ததற்கு அடையாளம்: 'ர்' 'ன்' இரண்டுக்கும் உரிய ஆங்கில எழுத்துகள் ஒட்டி 'ம்' ஆகிவிடும். 'மாடர்ன்' என்பது 'மோடம்' ஆகும். 'ஹி' என்பது 'பி' ஆகும். சாய்ந்த எழுத்துக்குப் பதிலாகச் சொல்லின் இரு பக்கமும் அடிக்கோடு நிற்கும். இணைய விற்பனையில் மாதிரிப் பக்கம் காட்டினால் பத்து நிமிடம் செலவழித்து இதைப் பாருங்கள். காட்டாவிட்டால் வாங்க வேண்டாம், திருப்பி அனுப்பும் வசதி இருந்தாலும். கூரியர் ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைகிற செலவுக்கு ஒரு நல்ல பழைய படி வாங்கிவிடலாம்.

பழைய படிகளுக்குச் சேலத்தையோ பெங்களூர் அவென்யூ ரோட்டையோ நம்பலாம். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். 1960, 70களின் பேப்பர்பேக்குகளில் முன்னுரையும் குறிப்பும் உழைத்து எழுதியவை. தாள் பழுப்பேறியிருக்கும், முதுகுப் பசை பொடியாகும். பழுப்பு பரவாயில்லை. பக்கத்தின் ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் மெல்லிய துளை இருக்கிறதா என்று முதல் ஐம்பது பக்கத்தைப் பாருங்கள். இராமபாணம் என்னும் புத்தகப் பூச்சி உயிரோடு இருந்தால் வீட்டு அலமாரி முழுக்கப் பரவும். வாங்கி வந்ததும் ஒரு வாரம் மற்ற புத்தகங்களிலிருந்து தள்ளி வையுங்கள். நிழலில் விசிறி, பக்கங்களைப் புரட்டி உதறி, வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வெயிலில் நேராகக் காயவைத்தால் அந்தக் காலப் பசை அன்றைக்கே விட்டுவிடும்.